எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லா

2019 நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நம்ம ஜில்லா திரும்ப வந்துடுச்சு போல, டிவியில சொல்றான்" என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தேன். 37வது மாவட்டமாகச் செங்கல்பட்டு உதயமாகிவிட்டது, பெயர் அதேதான். ஆனால் அதில் காட்டூர் இல்லை, பொன்னேரி இல்லை, பழவேற்காடு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியைப் பிரித்து அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். நாம் திருவள்ளூரிலேயே இருந்தோம்.

என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் பிறந்தது மெட்ராஸ் மாகாணம், செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா, காட்டூர் கிராமம். பள்ளிக்கூட முதல் ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது. 1969 ஜனவரி 14ல் மாகாணத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. பிறகு ஜில்லா மாவட்டம் ஆனது, மாவட்டம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆனது. 1997 ஜூலை 1ல் அதை இரண்டாக வெட்டி, தெற்கே காஞ்சிபுரம் என்றும் வடக்கே திருவள்ளூர் என்றும் வைத்தார்கள். அதே சமயத்தில்தான் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களையெல்லாம் எடுத்தார்கள். வீட்டை விட்டு ஒரு அடி நகராமல் இத்தனை ஊர்க்காரனாக இருந்திருக்கிறேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஜில்லா எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், கடனில் பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்குப் பட்டிருந்த கடன்களுக்கும் உதவிகளுக்கும் ஈடாக 1763ல் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதனால் அதற்கு ஜாகீர் என்று பெயர். கம்பெனி வாங்கிய கையோடு திரும்ப நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. யாருக்குச் சொந்தம், யார் வசூல் செய்வது, எவ்வளவு பாக்கி என்கிற சண்டையில் ஊர்க்காரனை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தாமஸ் பர்னார்ட் என்கிற கம்பெனி இஞ்சினியர் 1767லிருந்து 1774 வரை ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, எந்தெந்தத் தொழில்காரர், எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், ஏரி எத்தனை, விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் எவ்வளவு என்று எழுதினார். இங்கிலீஷில் அவர் எழுதியது சுருக்கம்தான். அவருக்கு ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்த மூலக் கணக்குதான் பெரிய பொக்கிஷம். அதில் மிஞ்சிய ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்குகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து புத்தகங்களாகக் கொண்டு வந்தார்கள்.

நார்வே நாட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் கேரளத்து நீண்டகரையில் 1950களில் இயந்திரப் படகு மீன்பிடிப்பைக் கொண்டுவந்தார்களே, அந்த நார்வே. 1837ல் போட்ட சட்டத்தின்படி அங்கே சின்னச் சின்ன ஊர்ப்பகுதிகளுக்கெல்லாம் தனித்தனி உள்ளாட்சி வந்தது. 1950களில் 744 இருந்தன. பிறகு ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து 1967ல் 454 ஆக்கிவிட்டார்கள். மறைந்த உள்ளாட்சிகளின் ஜனங்கள் அதைச் சும்மா விடவில்லை. ஊருக்கு ஊர் ஊர்ப்புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தப் பண்ணை யாருடையது, யார் யாருக்குப் பிறந்தார், எப்போது கைமாறியது என்று வீடுவாரியாக அதில் இருக்கும். இதைப் படித்தபோது பர்னார்ட் ஓலைகள்தான் ஞாபகம் வந்தன. நமக்கும் ஊர்ப்புத்தகம் இருந்திருக்கிறது. நாம்தான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பர்னார்ட் எழுதி முடித்த சில வருஷங்களில் அவர் எழுதிய ஊர்களில் பாதி நிலைகுலைந்துவிட்டது. 1780ல் ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தப் பக்கம் வந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சம் வந்தது. அதற்குப் பிறகு 1794ல் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் நான்கு வருஷம் இருந்தார். ஏரிகளைச் சரிசெய்தார். மதுராந்தகம் ஏரி என்றாலே இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள், ராமர் கோயில் கதையோடு சேர்த்து. அதே பிளேஸ்தான் வரி விஷயத்தில் எதிர்த்து நின்ற மிராசுதாரர்களின் மிராசைப் பறித்தவரும். மிராசுதாரர், பாயக்காரி, அடிமையாள் என்று நிலத்தைச் சுற்றி மூன்று அடுக்கு. அந்தச் சண்டை செங்கல்பட்டு ஜில்லாவை நூறு வருஷம் விடவில்லை. 1879ல் கிரோல் என்பவர் எழுதிய ஜில்லா மானுவலைப் பிரித்தால் பக்கம் பக்கமாக மிராசுதான்.

இதில் பழவேற்காடு எங்கே என்று கேட்பீர்கள். அது அப்போது நம் ஜில்லாவிலேயே இல்லை, டச்சுக்காரர்களுடையது.

1610ல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரை முழுக்க அவர்களுக்கு இருந்த கிடங்குகளுக்கெல்லாம் 1690 வரை பழவேற்காடுதான் தலைமையிடம். நாகப்பட்டினத்துக்கு மாற்றிய பிறகுதான் மவுசு குறைந்தது. பழவேற்காட்டுத் துணி கிழக்கே ஜாவா, மலாக்கா வரை போயிற்று. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட கட்டம் போட்ட துணி வெகுகாலம் உலகத்தில் புழங்கியது. துணி மட்டும் போகவில்லை, பஞ்ச காலங்களில் நம் ஜனங்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியாவுக்குக் கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களிடம் இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆபிரகாம் ரோஜர் என்று ஒரு டச்சுப் பாதிரியார் 1630களில் பழவேற்காட்டில் பத்து வருஷம் இருந்தார். பத்மநாபன் என்கிற உள்ளூர்ப் பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் சமயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651ல் அது ஹாலந்தில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலில் போனது அதன் வழியாகத்தான். பழவேற்காட்டு இறால் தெரிந்த அளவுக்கு இது நமக்குத் தெரியவில்லை.

1781ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1795ல் மறுபடி பிடித்தார்கள், 1818ல் மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் 1824ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுமத்ராவில் இருந்த பெங்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள். டச்சுக்காரர் மலாக்காவையும் இந்தியாவில் தங்களிடம் இருந்த இடங்களையும் விட்டார்கள். 1825ல் பழவேற்காடு கைமாறி நம் ஜில்லாவில் சேர்ந்தது. ஆக பழவேற்காடு செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது 1825லிருந்து 1997 வரை, 172 வருஷம்.

ஜில்லாவின் பெயர்தான் செங்கல்பட்டே தவிர, கலெக்டர் செங்கல்பட்டில் இருந்ததில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முதலில் மதுராந்தகத்துப் பக்கம் கருங்குழி. நடுவில் பத்து வருஷம் காஞ்சிபுரம். 1859லிருந்து சைதாப்பேட்டை. நடுவே கொஞ்ச காலம் ஜில்லாவுக்கே மெட்ராஸ் என்று பெயர் இருந்தது. பிறகு மெட்ராஸ் நகரம் வளர்ந்து சைதாப்பேட்டையை விழுங்கியது. அதன் பிறகும் கலெக்டர் ஆபீஸ் அங்கேயேதான். தன் ஜில்லாவுக்கு வெளியே உட்கார்ந்து ஜில்லாவை ஆண்ட கலெக்டர் நம் கலெக்டர்!

வடகோடியில் இருந்த நமக்கு அது சௌகரியம். அப்பா சைதாப்பேட்டை போவது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் மாட்டு வண்டியில் பொன்னேரி. அங்கே கூடூர் பாசஞ்சர். சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில், சைதாப்பேட்டை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், வரும்போது மூர் மார்க்கெட்டில் எனக்கொரு பம்பரமும் வாங்கி வரலாம். 1968 ஜூலையில் தலைமையிடத்தைக் காஞ்சிபுரத்துக்கு மாற்றினார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்த சமயம், அவருடைய ஊர். ஜில்லாவின் தென்பகுதிக்காரர்களுக்கு அது நியாயம்தான். நமக்கு மெட்ராஸைத் தாண்டி இன்னொரு பயணம் கூடிற்று. அப்பாவால் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் மனு எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஜில்லா போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1884 சட்டத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று வந்தன. தாலுகா போர்டுகளை 1934ல் எடுத்துவிட்டார்கள். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன, ஜில்லா போர்டும் போயிற்று. சாலை, ஆஸ்பத்திரி, ஹைஸ்கூல் எல்லாம் போர்டு பார்த்தது. போர்டு ஹைஸ்கூலில் படித்தேன் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஏரிக்குள் நடந்த ஆட்சி வேறு. நிலத்தில் கலெக்டர், தாசில்தார், கர்ணம், மணியக்காரர். தண்ணீரில் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் இறால் படும் இடங்களைப் பிரித்து, தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து வலை கட்டுவார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே எப்போதும் கிடைக்காது, ஒருவனுக்குக் கிடைக்காமலும் போகாது. சர்க்கார் எழுதிக் கொடுத்த முறை இல்லை அது. ஜில்லாவின் பெயர் மாறியபோதெல்லாம் இந்த முறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் இடமில்லாதவர்களுக்கு ஏரியில் இடமில்லை என்கிற குறையும் அதில் உண்டு. அந்தச் சண்டையும் பழையதுதான்.

ஏரிக்கு ஆபத்து கோடு வழியாக வந்தது. 1953ல் ஆந்திரா பிரிந்தது. எல்லைத் தகராறுக்கு பட்டாஸ்கர் தீர்ப்பு சொன்னார். 1959ல் சட்டம், 1960 ஏப்ரல் 1ல் அமல். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பாடுபட்டதில் திருத்தணி நமக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக நம் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின. திருத்தணி கிடைத்ததைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். போன ஊர்களைப் பற்றிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான் பேசிக்கொண்டார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய வீடுகள் அவை. என் பெரியம்மா வீட்டில் கோழியைத் தெலுங்கில் விரட்டுவார்கள், மாட்டைத் தமிழில் ஓட்டுவார்கள்.

தரையில் கல் நட்டால் எல்லை தெரியும். தண்ணீரில் எங்கே நடுவது? ஏரியின் பெரும்பகுதி ஆந்திரா, தெற்கு முனையும் முகத்துவாரமும் நாம். வலை தாண்டியது, படகு தாண்டியது என்று அவ்வப்போது தகராறு வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் போயிற்று. அதற்கு முன்பு ஸ்ரீஹரிகோட்டா என்றால் நமக்கு விறகு. படகு படகாகச் சவுக்கும் காட்டு விறகும் ஏரி வழியாக வந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி மெட்ராஸ் அடுப்புக்குப் போகும். அந்தக் கால்வாயின் தென்பகுதியை ஒட்டவைத்து முடித்தது 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கு மண் வெட்டிய ஜனங்களை வைத்து. பெயர் மட்டும் பக்கிங்காம் பிரபுவுக்கு.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணம்.

சைதாப்பேட்டையில் உட்கார்ந்த கலெக்டர்களில் ஒருவர் ட்ரெமென்கீர். 1891ல் அவர் செங்கல்பட்டு ஜில்லாவின் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடியிருக்கும் மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசை உழ விண்ணப்பம் போட்டால் மிராசுதாரர் குறுக்கே வந்து தட்டிப் பறிக்கிறார், கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று விவரமாக எழுதினார். ஒரு வெள்ளைக்கார கலெக்டர் எழுதியது என்பதற்காக முழுக்க நல்லெண்ணம் என்று சொல்லிவிட வேண்டாம், மெட்ராஸ் சர்க்காரிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். இருந்தாலும் 1892 செப்டம்பரில் உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்வது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது, சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பஞ்சமி நிலம். தமிழ்நாடு முழுக்க இன்று பேசப்படும் பஞ்சமி நிலத்துக்குப் பிறந்த வீடு நம் செங்கல்பட்டு ஜில்லா. 1994ல் மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிர் விட்டார்கள். அப்போதும் அது செங்கல்பட்டு மாவட்டம்தான்.

போன வருஷம் தங்கை மகன் வந்தான். ஏரிக்கரையை ஒட்டி நம் குடும்பத்துக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறதே, நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது, பத்திரத்தை எடுங்கள் மாமா என்றான். தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா என்று ஆரம்பிக்கும் பத்திரம். தாத்தா ஒருவருக்குக் கொடுத்த நெல்லுக்கும் ரொக்கத்துக்கும் ஈடாக அந்த நிலத்தை எழுதி வாங்கியிருந்தார். எழுதிக் கொடுத்தவர் சேரியில் இருந்தவர், கைநாட்டு. தொகை 60 ரூபாய்.

பழைய நிலப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பம் போட்டேன். ஓர் அலுவலகத்தில் ஓர் இளைஞர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஜில்லாவே இப்ப இல்லையே சார், எதை வச்சுத் தேடறது?" என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவர் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட ஜில்லா. வேறு இடத்தில் அலைந்து நகல் கிடைத்தது. அந்த சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கலத்தில் டி.சி. என்று இரண்டே எழுத்து. டிப்ரெஸ்ட் கிளாஸ். நிபந்தனை நிலம்.

நான் சின்ன வயதில் அந்த நிலத்தில் நாவல் பழம் பொறுக்கியிருக்கிறேன். அதில் விளைந்த நெல் விற்ற காசில்தான் என் காலேஜ் பீஸ் கட்டினார்கள் என்று அம்மா சொல்வாள். தாத்தா கெட்டவர் இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள், கர்ணமும் கண்டுகொள்ளவில்லை. 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகளை எடுத்தபோது கணக்குப் புத்தகங்களோடு ஊருக்குத் தெரிந்த பல விஷயங்களும் மூட்டை கட்டப்பட்டன. யாரும் பேசாததனால் அது நம்முடையது என்றே ஆகிவிட்டது.

தங்கை மகனிடம் சொன்னேன். "எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சே மாமா, இப்ப யார் கேக்கப் போறாங்க?" என்றான். வாங்க வந்தவரும் அதையேதான் சொன்னாராம், கொஞ்சம் விலையைக் குறைத்துக்கொண்டு. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இரண்டு மாசமாக அவன் வீட்டுக்கு வருவதில்லை. தங்கை மட்டும் போன் செய்கிறாள், நிலத்தைப் பற்றிப் பேசாமல் மூட்டு வலியைப் பற்றிப் பேசுகிறாள்.

கைநாட்டு வைத்தவரின் பேரன் மீஞ்சூர் பக்கம் கட்டட வேலை செய்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போய்ப் பார்த்தேன். என்னை விடப் பதினைந்து வயது சின்னவர். அவருக்கு அப்படி ஒரு நிலம் இருந்ததே தெரியாது. பத்திரத்தின் நகலைக் காட்டினேன். எழுத்தைப் பார்க்காமல் அந்தப் பெருவிரல் ரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா கையாங்கய்யா இது?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க விடவில்லை.

கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். நிலத்தை சர்க்கார் எடுத்து அந்தக் குடும்பத்துக்கே ஒப்படை செய்ய வேண்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. இரண்டு பக்கம், பத்திர நகல், பதிவேட்டு நகல் இணைத்திருக்கிறேன். என் பங்கு மட்டும்தான் என் கையில், தங்கையின் கையெழுத்தும் வேண்டும். அதற்காக அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போகிறேன். மேல்முகவரியில் பழக்க தோஷத்தில் செங்கல்பட்டு என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு, திருவள்ளூர் என்று மாற்றி, புதுத் தாளில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.